சகலையின் கம்ப்ரஸர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. லேக் காளி கோயில் வாசலில் நிறுத்தி, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம். பொய்யென்று எவராவது காட்டிவிட்டால் சொன்ன நாக்கு புளியும் உப்பும் அறியாமல் போகட்டும். சத்தியம் முடிந்தது. இனி நடந்தது.

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் குடியிருந்த வாஞ்சிநாதன் பகலில் வங்கி அதிகாரி, மாலையில் மிருதங்க வித்வான். வங்கியில் அவர் கையெழுத்துக்கு இருந்த மரியாதை ஊரில் அவர் கைக்கு இல்லை என்பது அவருடைய நெடுநாள் புண். பிள்ளையார் சதுர்த்தி பஜனை, யார் வீட்டிலாவது நவராத்திரி என்று சுண்டலோடு முடிகிற கச்சேரிகள்தான் அவருக்கு வாய்த்தன. சபாவின் ஜனவரி விழாவுக்கு மதராஸிலிருந்து வருகிற பெரிய வித்வான்கள் தங்களுக்கென்று ஒரு மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டுதான் ஹௌராவில் இறங்குவார்கள். வாஞ்சிநாதன் பிளாட்பாரத்தில் மாலையோடு நிற்பார். அதே கையால் அந்த மிருதங்கக்காரரின் பெட்டியையும் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரைக்கும் நடப்பார்.

கம்ப்யூட்டரில் பாட்டுப் பதியலாம் என்ற செய்தி ஊருக்குள் பரவத் தொடங்கிய காலம் அது. ஒரு வருஷம் கதவு கொஞ்சம் திறந்தது. வரவேண்டிய வித்வானின் மிருதங்கக்காரர் அமெரிக்கா கிளம்பிவிட்டார். சபா செக்ரட்டரி வைத்தியநாதன் பூஜை விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் வங்கிக்கே வந்து சொன்னார்.

"வாஞ்சி, வித்வான் ஒரு சிடி கேக்கறார். ஒரு பல்லவிக்கு வாசிச்சு அனுப்பு. லயம் சுத்தமா இருந்தா மேடையில அவர் பக்கத்துல நீதான். சொதப்பினா ஆயுசுக்கும் பெட்டி தூக்கு."

வாஞ்சிநாதனுக்கு அங்கேயே, கவுண்டருக்குப் பின்னாலேயே, ஜமக்காளம் விரிந்தது. வித்வானுக்கு வலது பக்கம் தான். எதிரே முதல் வரிசையில் வயிறெரிகிற முகங்கள். அதில் ஒரு முகம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. அது சிவராமின் முகம்.

சிவராம் அவருடைய சகலை. வாஞ்சிநாதன் கட்டியது மூத்தவள் அனந்தலக்ஷ்மியை. சிவராம் கட்டியது இளையவள் மாதவியை. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை, டாக்குரியாவில் வீடு. மாமனாரின் சஷ்டியப்த பூர்த்திப் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது இவன் வாயைத் திறந்தான்: "அண்ணா கைக்கு ஒரு பிரேக் வெக்கணும். பாடறவா இன்னும் பல்லவியில நிக்கறா, இவர் பாலிகஞ்ச் ஸ்டேஷனைத் தாண்டிட்டார்." பந்தி மொத்தமும் சிரித்தது. பரிமாறியவன்கூடச் சிரித்தான். வாஞ்சிநாதன் பாயசத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அன்று முதல் இரண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு அற்றுப்போனது. ஆனால் உறவு அறுமா? தீபாவளி, திவசம் என்று ஒரே கூடத்தில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும். உட்கார்ந்தால் இவர் மாதவியிடம் சொல்வார். மாதவி ஒரு நிமிஷம் யோசித்து அவனிடம் சொல்வாள்.

"அந்த மடையனுக்கு ஃபேனை நிறுத்தத் தெரியாதான்னு கேளு."

மாதவி கணவன் பக்கம் திரும்புவாள். "ஏன்னா, அத்திம்பேருக்குக் கொஞ்சம் குளிர்றதாம்."

"குளிர்னா நீம்தலா மசானத்துல போய்க் குளிர் காயச் சொல்லு."

"அத்திம்பேர், சால்வை எடுத்துத் தரட்டுமான்னு கேக்கறார்."

நெருப்பாகப் போவது வெந்நீராக வந்து சேரும். சற்றுத் தாமதமாகவும் வந்து சேரும். குடும்பம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது சிடிக்கு எங்கே போவது? ஊரிலிருந்த ஸ்டூடியோக்கள் எல்லாம் பூஜைக்கு வெளியிடும் வங்காளப் பாட்டுகளில் மூழ்கிக் கிடந்தன. வீட்டிலேயே கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்கிற தமிழன் தெற்குக் கல்கத்தாவில் ஒருவன்தான் இருந்தான். அவன் காலில் விழுவதற்குப் பதில் ஹூக்ளியில் விழலாம் என்று வாஞ்சிநாதன் இரண்டு முறை ஆற்றங்கரை வரைக்கும் போனார். தண்ணீர் அழுக்காக இருந்ததால் திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிறு காலை மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு டாக்குரியாவில் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். பாடுவதற்கு அனந்தலக்ஷ்மி கூட வந்தாள். வாசலிலேயே பூஜைப் பந்தலுக்கு மூங்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துச் சுவர் முழுக்க மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தான் சிவராம். நடுவில், சாந்தினி சௌக்கில் துண்டு துண்டாக வாங்கி ஒட்டவைத்த கம்ப்யூட்டர், மேல் சட்டை இல்லாமல் குடல் தெரிய உட்கார்ந்திருந்தது. சூடு தாங்காது என்று அதன் வயிற்றுக்குள் ஒரு மேஜை ஃபேன் ஊதிக்கொண்டிருந்தது.

"மாதவி, புதுசா ஒரு கம்ப்ரஸர் போட்டிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லு," என்றான் சிவராம்.

"ஃப்ரிட்ஜுக்குப் போடறதை மிருதங்கத்துக்கு ஏன் போடறான்?"

"இது சத்தத்துக்குப் போடறது. பெரிய சத்தத்தை அமுக்கும், சின்ன சத்தத்தைத் தூக்கும். எல்லாம் ஒரே மட்டத்துல வரும். இது இல்லாத சிடியை மதராஸ்ல நாய்கூடக் கேக்காது."

"அமுக்கித் தூக்கத்தான் நீ இருக்கியே மாதவி, கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வாஞ்சிநாதன் மேஜைமேல் கிடந்த கம்ப்ரஸர் சிடியின் உறையை எடுத்துப் படித்தார். இந்த ப்ளக்‌-இன் ஓடுவதற்கு எத்தனை வேகமான பிராஸஸர் வேண்டும், எத்தனை ராம் வேண்டும், எப்படிப்பட்ட சவுண்ட் கார்டு வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. வாஞ்சிநாதன் கடன் மனுக்களைப் படித்துப் பழகிய கண்ணால் உறையைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவருக்குப் பிறந்தநாள் வந்ததுபோல இருந்தது.

"இதுல போட்டிருக்கறதுல பாதிகூட இந்த டப்பாவில இல்லையே. நோஞ்சான் மாட்டை ரோடு ரோலர்ல கட்டியிருக்கானே, கேளு!"

சிவராம் திரும்பவேயில்லை. "வித்வானுக்கு என்னென்ன வேணும்னு ஒரு உறையில அச்சடிச்சா, அதுல எத்தனை அங்க இருக்குன்னு கேளு."

மாதவி இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காபி போடறேன்," என்றாள். அதற்குமேல் அவளாலும் அமுக்க முடியவில்லை.

சிவராம் அனந்தலக்ஷ்மியை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். ஒருவர் சத்தம் மற்றவர் மைக்கில் விழக்கூடாதாம். அவள் குரல் வாஞ்சிநாதனுக்கு ஹெட்ஃபோனில் வரும். அவர் வாசிப்பும் அதிலேயே அவருக்குத் திரும்பி வரும். கம்ப்ரஸரை முடுக்கியதும் ஹெட்ஃபோனில் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. மிஷினுக்கு மூச்சு வாங்குகிறது என்றான் சிவராம். அதற்குக் கொஞ்சம் சாவகாசம் கொடுத்தால் சரியாகும் என்று சொல்லி பஃபர் என்கிற எதையோ ஏற்றினான். கடுகு நின்றது.

வாஞ்சிநாதன் வலந்தலையில் ஒரு 'தா' போட்டார். காதில் ஒன்றும் வரவில்லை. ஊர் அடங்கின பிறகு வருகிற மாப்பிள்ளைபோல அது சற்றுப் பொறுத்து வந்தது.

"இவன் என் தாளத்தைத் திருடறான்! தா இங்க விழறது, அங்க எப்பவோ கேக்கறது!"

"லேட்டன்ஸின்னு பேர், சொல்லு. கம்ப்ரஸர் வர சத்தத்தை முன்னாடியே எட்டிப் பாத்து, அமுக்கணுமா தூக்கணுமான்னு யோசிச்சு, அப்பறம்தான் விடும். யோசிக்காம வாசிக்கறவாளுக்கு அது புரியாது."

"யோசிக்கற மூஞ்சியைப் பாரு! வேணும்னேதான் ஏத்தறான். என்னை மேடை ஏற விடக்கூடாது அவனுக்கு."

"அத்திம்பேர் ரெடியாம்," என்றாள் மாதவி.

அனந்தலக்ஷ்மி பல்லவியை எடுத்தாள். வாஞ்சிநாதன் ஒரு அடி அடித்தார். அது காதுக்கு வந்து சேரும்வரை காத்திருந்தார். வந்த விருந்தாளி உட்காருவதற்கு முன்னால் அடுத்தவரை அழைப்பது முறையா? வந்த பிறகு அடுத்த அடி. அது இன்னும் தாமதித்து வந்தது. அதற்கும் காத்திருந்தார். அவர் இழுக்க, அதைக் கேட்டு அனந்தலக்ஷ்மி இழுக்க, அதற்கும் கம்ப்யூட்டர் யோசித்து யோசித்து விட, ஆதி தாளம் கோடைகால ஹூக்ளி மாதிரி அகன்று கிடந்தது. ஒரு 'தா'வுக்கும் அடுத்த 'தி'க்கும் நடுவில் மாதவி பையை எடுத்துக்கொண்டு காரியாஹாட் சந்தைக்குப் போய், பட்டாணியும் முருங்கைக்காயும் பேரம் பேசி வாங்கி, வழியில் ஒரு சினேகிதியின் மருமகளைப் பற்றி முழுவதும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அனந்தலக்ஷ்மி அதே எழுத்தில் நின்றுகொண்டிருந்தாள். 'தி' அப்போதுதான் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

"போதும், நிறுத்து!" என்று உள்ளறைக் கதவு திறந்தது. அனந்தலக்ஷ்மி நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "இப்படி ஒரு வார்த்தையைப் பிடிச்சுண்டு தொங்கறதுக்கு நான் என்ன வௌவாலா?"

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கும்பிடு போட்டிருப்பார்கள். வாஞ்சிநாதன் லயக்காரர். கணக்கில்லாத வில்லங்கம் உலகத்தில் உண்டா என்ன? இந்த மிஷின் தாளத்துக்குப் பின்னால் எடுக்கிறது. பின்னால் எடுத்தால் அனாகதம். அனாகதத்துக்கு மாற்று என்ன? அதீதம், தாளத்துக்கு முன்னாலேயே எடுப்பது. மிஷின் எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு முந்தி வாசித்துவிட்டால் காதில் சரியாக வந்து விழும். குருகுலத்தில் எச்சில் பாத்திரம் கழுவியவனுக்குத்தான் இந்த மூளை வரும், சால்ட் லேக்கில் நாற்காலி தேய்ப்பவனுக்கு வருமா? தொடையில் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். சிவராமிடம் மூச்சு விடவில்லை.

மறுபடி தொடங்கினார்கள். அனந்தலக்ஷ்மி ஒரு வரியை நினைப்பதற்குள் வாஞ்சிநாதன் அதை வாசித்திருப்பார். அவர் ஹெட்ஃபோனில் எல்லாம் அச்சாக உட்கார்ந்தது. சுவை கண்டுவிட்டார். முந்தினார், மேலும் முந்தினார். மிஷினும் சூடேறிப் பிந்தியது, மேலும் பிந்தியது. தனி ஆவர்த்தனம் வந்தது. மோரா, கோர்வை, தீர்மானம் எல்லாம் வாசித்து முடித்து, மிருதங்கத்தை உறையில் போட்டு நாடாவைக் கட்டி, ஆறிப்போன காபியையும் குடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் உள்ளறையில் அனந்தலக்ஷ்மி தனிக்கு முந்தின வரியைப் பாட வாயெடுத்தாள்.

"நான் இன்னும் பாடவேயில்லையே, நீங்க முடிச்சாச்சா?"

"நீ பாடு. என்னுது காதுல வந்துண்டே இருக்கு."

இந்தக் கூத்து நடந்த நேரம் முழுக்க சிவராம் மானிட்டரைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அவன் காதில் அனந்தலக்ஷ்மியின் குரல் மட்டும்தான். தாளம் விழவேண்டிய இடம் வரும். அங்கே மிருதங்கம் இருக்காது. எப்போதோ விழுந்து போயிருக்கும். அந்தக் காலி இடத்தில் அவன் "கழுதை" என்பான். அடுத்த இடத்தில் "மரமண்டை." அதற்கடுத்து, வங்காளத் தெருவில் வளர்ந்தவனாயிற்றே, "தூர் பாபா."

அன்று வாஞ்சிநாதன் வீடு திரும்பிய பிறகும் டாக்குரியாவில் ஹெட்ஃபோன் ஓயவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தார்கள், பிளக்கைப் பிடுங்கினார்கள். கடமை தவறாத மிஷின்; வாங்கிக்கொண்ட அடிகளைத் திருப்பிக் கொடுக்காமல் ஓயுமா? செவ்வாய்க்கிழமை மாதவி ரசத்துக்குப் பெருங்காயம் போடும்போதுதான் கடைசித் தீர்மானம் வந்து சேர்ந்தது.

சிவராம் பதிவைப் போட்டுக் கேட்டான். பாட்டுக்கு முன்னால் மிருதங்கம், முகூர்த்தத்துக்கு முன்னால் மொய் எழுதுகிறவன்போலத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. முந்தியது அத்தனையும் டிஸ்கில் முந்தியபடியே விழுந்திருந்தது; பிந்தல் ஹெட்ஃபோனுக்கு மட்டும்தான். அவனுக்கு வந்த சந்தோஷத்தில் மேலே கேட்கக்கூட இல்லை. இனிப்புப் பெட்டியில் வைப்பதுபோல சிடியைப் பெட்டியில் வைத்து, "ரொம்பப் பிரமாதமா வந்திருக்குன்னு சொல்லு," என்றான். மாதவி அதை அப்படியே சொன்னாள். அவள் மாற்றாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்; அதுதான் பொய். வாஞ்சிநாதன் வீட்டில் இருந்ததோ பழைய கேசட் பெட்டி. அவரும் கேட்கவில்லை. சிடி மதராஸ் போயிற்று.

டிசம்பரில் வைத்தியநாதன் லேக் கார்டன்ஸுக்கு வந்தார். மங்கி குல்லாயைக் கழற்றவில்லை, காபியையும் தொடவில்லை.

"வித்வான் ஃபோன் பண்ணினார், வாஞ்சி."

"என்ன சொன்னார்?"

"மிருதங்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னார். அது பாட்டுக்கு முன்னாடியே ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுத்து, அதோட தனக்கு வழக்கு இல்லைன்னார்."

வாஞ்சிநாதன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா பின்னாடி ஒருத்தர் திட்டிண்டே வரார், அவர் யார்னு கேட்டார். மிருதங்கத்தை அமுக்கி எறும்பாக்கி, அந்த முணுமுணுப்பைத் தூக்கி யானையாக்கி வெச்சிருக்கு அந்த மிஷின். 'கழுதை' சமத்துல விழறது பாருங்கோ, மயிரிழை பிசகலைங்கறார். 'மரமண்டை' அரை இடத்துல எடுத்து எப்படி வந்து உக்கார்றது! இப்படி ஒரு லயத்தை நாப்பது வருஷமாக் கேட்டதில்லையாம். மிருதங்கத்துக்குத் தஞ்சாவூர்லேர்ந்து ஒருத்தரைக் கூட்டிண்டு வராராம். பக்கத்துல உக்காந்து தாளம் போட அந்தத் திட்டறவர் வேணுமாம்."

"அவன்..." என்றார் வாஞ்சிநாதன். அனந்தலக்ஷ்மி ஓடிப்போய் மோர் கொண்டுவந்தாள்.

ஜனவரி வந்தது. கச்சேரியன்று காலை வித்வானும் சிவராமும் ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள். இரண்டு ஆவர்த்தனத்துக்குள் சிவராமின் கை திசை தெரியாத கோழியாகத் தடுமாறியது. வித்வான் நிறுத்தினார்.

"அன்னிக்கு நீங்க யாரைத் திட்டிண்டிருந்தேள்?"

"என் சகலையை."

"அவரைக் கொண்டுவந்து எதிர்ல உக்காரவையுங்கோ. பார்த்துண்டே போடுங்கோ."

வைத்தியநாதன் டாக்ஸியில் பறந்து வந்தார். "வாஞ்சி, சபா மானம் ஒன் கையில இருக்கு. முதல் வரிசை, சோபா. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா ஒன் மூஞ்சியோட உக்காந்தா போதும்."

எவனாவது வருவானா? வாஞ்சிநாதன், "வரேன்," என்றார். பட்டு ஜிப்பாவை இஸ்திரி போடச் சொன்னார். அவர் அவ்வளவு அமைதியாக இருந்து அனந்தலக்ஷ்மி பார்த்ததில்லை.

மண்டபம் நிரம்பியிருந்தது. முதல் வரிசை சோபாவில் வாஞ்சிநாதன், ஒரு பக்கம் அனந்தலக்ஷ்மி, மறு பக்கம் மாதவி. மேடையில் தான் உட்கார்ந்திருக்க வேண்டிய ஜமக்காளத்தின் ஓரத்தில், சரிகை அங்கவஸ்திரத்தோடு சிவராம். வாஞ்சிநாதன் அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். சிவராமின் உதடு அசைந்தது, கை விழுந்தது. கழுதை, சமம். மரமண்டை, அரை இடம். வர்ணம் ரதம்போல நகர்ந்தது. தஞ்சாவூர்க்காரர் சொக்கிப்போய்த் தலையாட்டினார். சபை கைதட்டியது. முறைக்க முறைக்கக் கச்சேரி ஏறியது. பின்வரிசையில் யாரோ, "யார் சார் அந்தத் தாளக்காரர்? அவதாரம்!" என்றார்கள். மாதவி பெருமையாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

பல்லவி தொடங்கியது. கடினமான தாளம், நாலு களை. வித்வான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்புக்கு மூச்சிழுத்தார்.

அப்போது வாஞ்சிநாதன் சிரித்தார்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை அழைப்பில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பழக்கமில்லாததால் கன்னம் வலித்தது, விடவில்லை. இரு கையையும் கூப்பினார். தம்பி மேடையேறிய பூரிப்பில் அண்ணன் கண் கலங்குவதுபோல மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். காற்றிலேயே திருஷ்டி சுற்றிச் சொடக்கு முறித்தார்.

சிவராம், "கழு..." என்றான். மீதி வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தான். வயிற்றில் ஒரு பொட்டு ஆத்திரம் இல்லை. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. வித்வான் பாலிகஞ்ச் பக்கம் போனார், வயலின் பெஹாலா பக்கம் போயிற்று, தஞ்சாவூர்க்காரர் நடுரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பல்லவி மூன்று துண்டாகிச் சபையின் மேல் விழுந்தது.

"அண்ணா!" என்று சிவராம் மைக்கிலேயே கத்தினான். பந்திக்குப் பிறகு அவன் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "சிரிக்காதீங்கோ அண்ணா! ஒங்க காலைப் பிடிச்சுக்கறேன், முறையுங்கோ!"

வாஞ்சிநாதன் மாதவி பக்கம் திரும்பினார்.

"அவன் என்னமோ சொல்றானே. என்னன்னு கேட்டுச் சொல்லு."

மேடையில் வித்வான் சுருதிப் பெட்டியை அணைத்தார். திரை இறங்கிய பிறகும் வாஞ்சிநாதன் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார். அந்த மேடையில் அவர் ஏறவில்லை. அதற்குப் பிறகு சிவராமும் ஏறவில்லை. அந்த வித்வான் ஹௌராப் பக்கமே ரயில் ஏறவில்லை.